தண்ணீரும் கனக்கும்

தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வு முடிந்ததும் மீன் தொட்டி வாங்கித் தருவதாக மகனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். கடையில் அவன் கைகாட்டியது நான்கடித் தொட்டி. “நம் வீட்டுத் தரை தாங்குமா?” என்று மனைவி கேட்டபோது சிரித்துவிட்டேன். ஏழாவது மாடி வீவக வீடு, கான்கிரீட் தரையாயிற்றே!

அன்றிரவு மகனும் நானும் கணக்குப் போட்டோம். நீளம் 120, அகலம் 50, உயரம் 50 சென்டிமீட்டர். 300 லிட்டர் பிடிக்கும். தண்ணீர் மட்டுமே 300 கிலோ! கண்ணாடி, மணல், கல், அடியில் வைக்கும் அலமாரி எல்லாம் சேர்ந்தால் 450 கிலோவை நெருங்கும். வீட்டு அறைகளின் தரையை, பரவலாக விழும் சுமைக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்ற கணக்கில்தான் பொறியாளர்கள் வழக்கமாக வடிவமைக்கிறார்கள். தொட்டி நிற்கும் இடத்திலோ அதைப்போல் ஐந்து மடங்கு!

அதற்காக மறுநாளே தரை இடிந்துவிடாது. உத்தரத்தை ஒட்டி வைத்தால் தரை அதிகம் தாங்கும். அறையின் நடுவே குறைவு. ஆனால் உத்தரம் எங்கே இருக்கிறது, எவ்வளவு தாங்கும் என்பதைக் கட்டட வரைபடத்தைப் பார்த்துப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். கடைக்காரர் சொல்ல முடியாது. நம் தரைதானே கீழ்வீட்டாருக்குக் கூரை?

சற்று நேரம் மௌனமாக இருந்த மகன், “ரெண்டடித் தொட்டின்னா எவ்வளவுப்பா?” என்றான். தண்ணீர் 65 லிட்டர். எல்லாம் சேர்த்தாலும் இரண்டு பெரியவர்களின் எடைதான்.

இப்போது சுவரோரம் பத்து கப்பி மீன்கள் நீந்துகின்றன. வாக்கும் தவறவில்லை, கீழ்வீட்டுப் பாட்டிக்கும் கவலையில்லை.