கூப்பிடாவிட்டால் ஒன்றுமில்லை என்று அர்த்தமா?

“ரிப்போர்ட்ல ஏதாவது இருந்தா நாங்களே கூப்பிடுவோம். கூப்பிடலைன்னா ஒண்ணும் இல்லைன்னு வெச்சுக்குங்க.” தனியார் கிளினிக்குகளின் வரவேற்பு மேசையில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. கழுத்துக் கட்டியிலிருந்து துளி சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பியிருப்பார்கள். ஒரு வாரம் போகும், இரண்டு வாரம் போகும், போன் வராது. தப்பித்தோம் என்று மனிதர் வேலைக்குத் திரும்பிவிடுவார். முடிவோ, ரப்பர் பேண்டு போட்ட பழுப்பு உறைகளோடு உறையாக அதே மேசையின் இழுப்பறையில் கிடக்கும். வரவேற்பில் இருக்கும் பெண் சொல்லியிருப்பார் என்று டாக்டர் நினைப்பார். நோயாளியே வந்து வாங்கிக்கொள்வார் என்று அந்தப் பெண் நினைப்பார். அனுப்பியதோடு தன் வேலை முடிந்தது என்று லேப் நினைக்கும். மூவரும் கடமை தவறியதாக நினைக்க மாட்டார்கள்.

சோதனைக்கு எழுதிக் கொடுத்தவருக்கே அதன் முடிவைச் சொல்லும் பொறுப்பும் உண்டு. முடிவில் கோளாறு இருந்தால் நோயாளி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தேடிப் பிடித்துச் சொல்ல வேண்டும். இதில் மருத்துவமனைகளின் விருப்பு வெறுப்புக்கு இடம் தரக் கூடாது என்பதே நம் நிலை.

இது நடைமுறைக்கு ஒத்துவராத ஆசை என்று சொல்வோர், தடுப்பூசித் தேதி தாண்டிய குழந்தையின் வீட்டுக்குப் போய்ப் பார்க்கட்டும். கிராம சுகாதார செவிலியர் வாசலில் வந்து நிற்பார். மாதப் பரிசோதனைக்கு வராத கர்ப்பிணிக்கும் அப்படித்தான். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்குமான மாத்திரை வீடு தேடி வருகிறது. ஒரு பதிவேடு, ஒரு தேதி, பெயர் சொல்லி ஒப்படைக்கப்பட்ட ஓர் ஊழியர். இந்த மூன்றை வைத்துத்தான் அரசு இதைச் செய்கிறது. அம்மை ஊசிக்குத் தேடி வருகிறவர்கள் இருக்கும் மாநிலத்தில் பயாப்ஸி முடிவுக்குத் தேடி வர ஆள் இல்லை என்பது விந்தைதான்.

காசநோயில் இந்த இடைவெளி எவ்வளவு ஆபத்தானது என்று பாருங்கள். சளியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவு வர ஆறு வாரம்கூட ஆகலாம். அதற்குள் வழக்கமான மாத்திரைகளைத் தொடங்கிய நோயாளி ஊர் போய்ச் சேர்ந்திருப்பார். அவர் சாப்பிடும் மருந்துக்குக் கிருமி கட்டுப்படாது என்று முடிவு வந்தால், அவரைக் கண்டுபிடிக்காத ஒவ்வொரு வாரமும் ஒரே அறையில் படுக்கும் மனைவி மக்களுக்கும் ஆபத்து. அரசின் காசநோய்த் திட்டத்தில் நோயாளிகளுக்கான ‘நிக்‌ஷய்’ பதிவு இருப்பதால் தேடிப் போக ஒரு வழியாவது உண்டு. மற்ற பல நோய்களுக்கு அந்த வழியும் இல்லை. இதயத்தில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர் மாத்திரை தீர்ந்ததும் தாமாக நிறுத்திவிட்டால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து அடைக்கலாம். அவர் கையில் இருப்பது ஆங்கிலத்தில் அச்சடித்த நான்கு பக்க டிஸ்சார்ஜ் சம்மரி. அவருக்குப் புரிகிற மொழியில் இருப்பது மெடிக்கல் கடைக்காரர் மாத்திரை அட்டையில் பேனாவால் போட்டுக் கொடுத்த ‘காலை, இரவு’ மட்டுமே.

மருத்துவமனைகளுக்குத் தொடர்புகொள்ளத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. பொங்கல் வாழ்த்து வருகிறது. பிறந்தநாள் வாழ்த்து வருகிறது. முழு உடல் பரிசோதனைக்குத் தள்ளுபடி என்று வாட்ஸ்அப் தட்டுகிறது. எண் கையில் இருக்கிறது, ஆளும் இருக்கிறார்.

ஒரு சாயங்காலத்தில் அறுபது பேரைப் பார்க்கும் சிறு ஊர் டாக்டரின் சிரமம் உண்மையானது. கொடுத்த எண் திருப்பூரில் வேலை பார்க்கும் மகனுடையதாக இருக்கும், ரீசார்ஜ் தீர்ந்திருக்கும், அறியாத எண் என்று எடுக்காமலும் விடுவார்கள். வரச் சொன்ன தேதிக்கு வராத நோயாளிகளும் குறைவில்லை. ஆனால் அறுபது பேருக்கும் போன் செய்யச் சொல்லவில்லை. கோளாறான முடிவு வந்தவர்களுக்கு மட்டும் போதும். அன்றைக்கு அது இரண்டு பேராக இருக்கலாம், ஒருவரும் இல்லாமலும் போகலாம். அதற்குக் கணினி மென்பொருள்கூட வேண்டாம். நீளமான ஒரு நோட்டில் சோதனைக்கு அனுப்பிய தேதி, முடிவு வந்த தேதி, நோயாளிக்குச் சொன்ன தேதி, சொன்னவரின் கையெழுத்து என்று நான்கு கட்டம் போட்டால் போதும். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் டாக்டர் அன்றிரவு கிளினிக்கைப் பூட்டுவதற்கு முன் ஏன் என்று கேட்க வேண்டும். டோக்கன் போடும்போதே இரண்டு எண்கள் வாங்கிவைப்பதும் பெரிய வேலை இல்லை.

ஓர் எச்சரிக்கை. பக்கத்து வீட்டு எண்ணுக்குப் போன் போட்டு “அவருக்கு டி.பி. இருக்குதுங்க” என்று சொல்லிவைப்பது உதவி ஆகாது, துரோகம். எச்.ஐ.வி. சோதனைக்குச் சொல்லவே வேண்டாம். நோயாளி தவிர வேறு யார் எடுத்தாலும் “டாக்டர் பார்க்கணும்னு சொன்னாங்க, உடனே வரச் சொல்லுங்க” என்பதற்கு மேல் ஒரு சொல் போகக் கூடாது. குறுஞ்செய்தி அனுப்பினாலும் அவ்வளவே; அதுவும் தமிழில்.

உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறைகள் சொல்கின்றன. கேட்டால் தருவதற்கு விதி எழுதியவர்கள், கேட்கத் தெரியாதவரைப் பற்றி யோசிக்கவில்லை. தமிழகத்தில் தனியார் கிளினிக்குகளும் லேப்களும் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு பெற்றே இயங்க வேண்டும். அந்தப் பதிவுக்கான நிபந்தனைகளில் மேற்சொன்ன நோட்டையும் சேர்க்க வேண்டும். ஆய்வுக்கு வரும் அதிகாரி தீயணைப்புச் சான்றிதழைப் பார்ப்பதுபோல் அந்த மூன்றாவது கட்டத்தையும் பார்க்க வேண்டும். அரசு மருத்துவமனைகளின் புறநோயாளிப் பிரிவுகளுக்கும் இது பொருந்தும். வீடு தேடிப் போகத் தெரிந்த துறைக்கு இது புதிய பாடம் இல்லை. மக்கள் நல்வாழ்வுத் துறை தாமதிக்காமல் இதற்கு ஆணை பிறப்பிக்க வேண்டும்.

ஆணை வரும்வரை வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ரத்தமோ சளியோ சதையோ கொடுத்துவிட்டு எழுந்திருக்கும்போது, முடிவு என்றைக்கு வரும், யார் சொல்வார்கள் என்று கேளுங்கள். பதிலை ஓ.பி. சீட்டின் பின்புறம் அவர்கள் கையாலேயே எழுதி வாங்குங்கள். அந்தத் தேதி தாண்டியும் போன் வராவிட்டால், ஒன்றுமில்லை என்று இருந்துவிடாமல் நேரில் போய்க் கேளுங்கள்.