பேக்கில் நிற்கும் பையன்

மதுரை திருநகர் மைதானங்களில் கால்பந்துக்கு அணி பிரிக்கும்போது கோல் அடிக்கத் தெரிந்தவன் முன்னே போவான். மீதிப் பையனை 'பேக்ல நில்லு' என்பார்கள். எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது. ஸ்லோவேனியாவைப் பாருங்கள். அதன் மக்கள்தொகை ஏறக்குறைய 21 லட்சம். நம் மதுரை மாவட்டத்தில் 2011 கணக்குப்படியே 30 லட்சம் பேர். அந்தச் சின்ன நாட்டுக்காக 100 ஆட்டங்களைத் தாண்டிய முதல் வீரர் போஸ்த்யான் சேசர், ஒரு தடுப்பாட்டக்காரர். மார்செய், கியேவோ என்று வெளிநாட்டுக் கிளப்புகளில் உழைத்து, 2010 உலகக் கோப்பையிலும் ஆடியவர். 2024 யூரோவில் அதே நாடு ரொனால்டோவின் போர்ச்சுகலை 120 நிமிடமும் கோலடிக்க விடவில்லை, பெனால்டியில்தான் தோற்றது. கோல்கீப்பர் ஒப்லாக்கைப் புகழ்ந்தார்கள், சரிதான். அவருக்கு முன்னால் நின்ற தடுப்பாட்டக்காரர் பியோலை எத்தனை பேர் கவனித்தோம்?

அவ்வளவு தூரம் போக வேண்டாம். 2019 மார்ச்சில் கோவையில் மினர்வாவை 3-1 என வென்று சென்னை சிட்டி ஐ-லீக் பட்டம் வாங்கியது. அதில் இரண்டு கோல் தடுப்பாட்டக்காரர் கௌரவ் போராவுடையது. ஒரே ஒரு புள்ளியில் ஈஸ்ட் பெங்காலை முந்திய பட்டம் அது. நம் பள்ளிப் பயிற்சியாளர்கள் பந்தை மறிக்கவும், இடம் பார்த்து நிற்கவும் கற்றுத்தரத் தனியாக நேரம் ஒதுக்கட்டும். வகுப்பிலேயே கெட்டிக்காரப் பையனை பேக்கில் நிறுத்தட்டும்.