பூட்டிய மாளிகைகள்

சீமையில் நேஷனல் டிரஸ்ட் என்று ஒரு சங்கம் உண்டு. 1895-இல் ஏற்பட்டது. பிரபுக்களின் பழைய மாளிகைகளைப் பாதுகாத்து, கட்டணம் வாங்கி ஜனங்களுக்குக் காட்டுவது அதன் வேலைகளில் ஒன்று. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது அம்மாளிகைகள் யாவும் மூடப்பட்டன.

மூடிய வீட்டில் என்ன செய்தார்கள்? வெளிச்சம் பட்டால் பட்டும் சித்திரமும் வெளுக்குமாதலால், திரைகளை இழுத்துவிட்டு அவற்றிற்கு ஓய்வு கொடுத்தார்கள். ஆனால் ஆள் நடமாட்டமற்ற இருட்டில் அந்துப்பூச்சிக்குக் கொண்டாட்டமாய்விட்டது. பிளிக்லிங் மாளிகையில் 2021-இல், அதன் முட்டைக்குள் தன் முட்டையை இட்டு அழிக்கும் மிகச் சிறிய குளவிகளை விட்டுப் பார்த்தார்கள். சாந்தி ஹோமம் செய்யவில்லை, புத்தியை உபயோகித்தார்கள். இதுவரை நமக்குச் சந்தோஷமே.

நிற்க. 20 கோடி பவுன் நஷ்டமென்று சொல்லி, 2020-ஆம் வருஷத்திலேயே சுமார் 1,300 சிப்பந்திகளைக் குறைத்தார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு மேல் தாமாகவே விலகினவர்களாம்! வேலை போகப்போகிறது என்று தெரிந்த பின் விலகுவது என்ன "தாமாக" என்று நமக்கு விளங்கவில்லை. நாற்காலியைக் காப்பாற்றினார்கள், அதைத் துடைத்தவனைக் காப்பாற்றவில்லை.

இதைப்பற்றிக் கோபப்படாத சில கனவான்களுக்கு வேறொரு விஷயத்தில் ரோஷம் வந்துவிட்டது. 2020 செப்டம்பரில் அச்சங்கம் ஓர் அறிக்கை வெளியிட்டு, தன் வசமுள்ள 93 இடங்களுக்கு அடிமை வியாபாரத்தோடோ அந்நிய நாடுகளை ஆண்டதோடோ சம்பந்தமுண்டென்று எழுதிற்று. "மாளிகையைக் காட்டுவதோடு நிற்காமல் இந்த வம்பெல்லாம் எதற்கு?" என்று கூச்சல் கிளம்பிற்று.

நாம் கேட்கின்றோம்: வேல்ஸ் நாட்டுப் போவிஸ் கோட்டைக்குத் திப்பு சுல்தானின் கூடாரம் தானாக நடந்தா போயிற்று? அவர் சிம்மாசனத்துப் புலித்தலை தானாகப் பறந்தா போயிற்று? 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபோது சென்னைக் கவர்னராக இருந்தவர் எட்வர்ட் கிளைவ். அவர் மனைவியின் பிறந்தகத்துக் கோட்டை அது. பூச்சி அரித்த நூலுக்குக் கணக்கெழுதலாம், அத்துணி யார் வீட்டுச் சொத்து என்று மட்டும் எழுதக் கூடாதென்றால், அது என்ன சரித்திர ஆராய்ச்சி? கோயில் நகைக்குக் கணக்குக் கேட்டால் நாத்திகன் என்று பாய்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

தர்ம ஸ்தாபனங்களை மேற்பார்க்கும் கமிஷன் இதை விசாரித்து, 2021 மார்ச்சில் சட்டப்படி தப்பில்லை என்று சொல்லிவிட்டது. அந்த முடிவைக் கூடாரத்தின் பக்கத்திலேயே ஒட்டி வைக்கலாம்.