கிளாஸை மாற்றிவிட்டால் வேலை முடிந்ததா?

“பட்டனை அழுத்தினா ஒரு கிளாஸ் ஏறணும், திரும்ப அழுத்தினா இறங்கணும். அவ்வளவுதான்.” வலைப்பக்கம் செய்யக் கற்றுத்தரும் பாடங்களில் பெரும்பாலானவை மெனுவைத் திறந்து மூடும் கலையை இத்தோடு முடித்துவிடுகின்றன. ‘ஓப்பன்’ என்று ஒரு கிளாஸ், அதை ஏற்றி இறக்க ஒரு வரி ஸ்கிரிப்ட். மெனு அழகாகச் சறுக்கி வருகிறது, எல்லோருக்கும் மகிழ்ச்சி. இந்த நம்பிக்கையை அரைகுறை என்று சொல்லி விட்டுவிட எனக்கு மனமில்லை. தவறு என்றே சொல்கிறேன்.

இது எப்படி வேரூன்றியது என்பது புரியாமல் இல்லை. முன்பெல்லாம் ஓர் உறுப்பின் கிளாஸ்கள் அனைத்தும் ஒரே எழுத்துச் சரமாகத்தான் ஸ்கிரிப்டின் கையில் கிடைத்தன. அதை வெட்டி ஒட்டும்போது ஓர் இடைவெளி தவறினாலும் பக்கமே அலங்கோலமாகும். 2006-இல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேகுவெரி என்ற ஸ்கிரிப்ட் நூலகம் அந்தத் தொல்லையை ஒழித்தது. பிறகு உலாவிகளே கிளாஸ்லிஸ்ட் என்ற வசதியைத் தந்தன. நிறத்தையும் அகலத்தையும் ஸ்கிரிப்டுக்குள் எழுதிவைப்பதைவிடக் கிளாஸை மாற்றுவது எவ்வளவோ மேல். அதில் எனக்குச் சண்டையே இல்லை. மெனு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்ற செய்தியைக் கிளாஸுக்குள் மட்டும் பூட்டிவைக்கிறார்களே, சண்டை அங்கேதான்.

உலாவி திரைக்காக ஒரு பக்கத்தை வரைகிறது. அதோடு, திரைவாசிப்பான் போன்ற கருவிகளுக்காக இன்னொரு மரத்தையும் கட்டுகிறது. ஒவ்வோர் உறுப்பும் என்ன வகை, அதன் பெயர் என்ன, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பவை அதில் இருக்கும். நீங்கள் வைத்த கிளாஸ் பெயரை அந்த மரம் உறுப்பின் நிலையாகக் கொள்வதே இல்லை. ‘ஓப்பன்’ என்று வைத்தாலும் ‘வாழைப்பழம்’ என்று வைத்தாலும் அதற்கு ஒன்றுதான். என்விடிஏ என்ற திரைவாசிப்பானை வைத்திருக்கும் பார்வையற்ற ஒருவர் பட்டனை அழுத்துகிறார். திரையில் அமர்க்களமாக மெனு விரிகிறது, அவர் காதில் ஒன்றும் விழவில்லை. வேலை செய்யவில்லை போலும் என்று மறுபடி அழுத்துகிறார். மூடிக்கொள்கிறது.

இன்னும் மோசமான வகை உண்டு. மூடிய மெனுவை ஒளிபுகாத் தன்மையைப் பூஜ்யமாக்கியோ திரைக்கு வெளியே தள்ளியோ மறைப்பார்கள். அசைவு அழகாக வருமாம். கண்ணுக்கு மறைந்ததே தவிர இணைப்புகள் எல்லாம் அங்கேயேதான் இருக்கின்றன. டேப் விசையை அழுத்திப் போகிறவர் கண்ணுக்குத் தெரியாத அந்த இணைப்புகளுக்குள் நுழைந்து, ஃபோகஸ் எங்கே போனது என்று தேடிக்கொண்டிருப்பார். கை நடுக்கத்தால் மௌஸ் பிடிக்க முடியாதவருக்கு இது தினசரித் தண்டனை. டிஸ்பிளே நன், விசிபிலிட்டி ஹிடன் இரண்டில் எதைப் போட்டிருந்தாலும் இது நேராது.

பார்வையும் கையும் நன்றாக உள்ளவர்களும் தப்புவதில்லை. பட்டன் மெனுவை டாகிள் செய்கிறது. வெளியே தட்டினாலும் டாகிள், எஸ்கேப் விசைக்கும் டாகிள். ஒரே தட்டலில் இரண்டு ஓடினால் திறந்த மெனு அக்கணமே மூடும். மூடியிருக்கும்போது எஸ்கேப்பை அழுத்தினால் திறந்துகொள்ளும். “இருப்பதைப் புரட்டு” என்பது நிலை தெரியாதவனின் கட்டளை. திற, மூடு என்று திட்டமாகச் சொல்ல டாகிளுக்கு இரண்டாவது மதிப்பு ஒன்று தரலாம். அதை எழுதுபவர்களை அபூர்வமாகத்தான் பார்க்கிறேன்.

சரி, நிலையை எங்கே வைப்பது? பட்டனின் ஏரியா-எக்ஸ்பாண்டட் பண்பில். திறந்தால் ட்ரூ, மூடினால் ஃபால்ஸ். ஸ்கிரிப்ட் அதை மட்டும் மாற்றட்டும்; சிஎஸ்எஸ் அந்தப் பண்பைப் பார்த்தே மெனுவைக் காட்டட்டும். கிளாஸ் ஒருபக்கம், ஏரியா ஒருபக்கம் என்று தனித்தனியாக மாற்றுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ஒன்றை மறந்த நாளில் உங்கள் பக்கம் பொய் பேசும். மௌனத்தைவிடப் பொய் கெடுதல். வெறும் விரிந்து சுருங்கும் பத்திதான் வேண்டும் என்றால் டீடெய்ல்ஸ் உறுப்பு இருக்கிறது, ஸ்கிரிப்டே தேவையில்லை.

“நம்ம தளத்துக்குப் பார்வையற்றவர்கள் வருவதில்லையே” என்பார்கள். வந்து திரும்பிப் போனவர்களை எப்படி எண்ணினார்களோ! இந்தியாவில் இது தயவு சார்ந்த விஷயமாகவும் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 மின்னணு வழித் தகவலும் அவர்களுக்கு எட்ட வேண்டும் என்கிறது. டிஜிட்டல் அணுகல் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

கடைசியாக ஒரு தொழில்நுட்பச் சாக்கு வரும்: பண்பை வைத்து சிஎஸ்எஸ் எழுதினால் மற்ற விதிகளுக்கு முன் நிற்காது, கிளாஸுக்குத்தான் வலு என்று. சிஎஸ்எஸ் விதிமுறையைப் பிரித்துப் பாருங்கள். கிளாஸ் தேர்வுக்கும் பண்புத் தேர்வுக்கும் முன்னுரிமை மதிப்பு ஒன்றேதான்.