ரயில் போகும் தீவு

"அப்பா, இந்த ரஜாவுக்காவது ஒரு தீவுக்குப் போகலாமா?" என்று என் பையன் கேட்டான். "பொன்னேரியில் இருந்துகொண்டு தீவுக்கு ஏங்குவானேன்?" என்று பதில் சொன்னேன்.

விளையாட்டுக்குச் சொன்னதல்ல. பழவேற்காட்டு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டா ஒரு தீவுதானே? நம் ஊர் ரயிலிலேயே சூலூர்ப்பேட்டைக்குப் போய், அங்கிருந்து ஏரியின் குறுக்கே போட்டிருக்கும் சாலை வழியாக அத்தீவை அடையலாம். ராக்கெட் விடும் நாட்களில், முன்கூட்டிப் பதிவு செய்துகொண்ட பொது ஜனங்கள் அங்கிருந்து பார்ப்பதற்கென்று 2019-ஆம் வருஷத்தில் ஒரு மாடமும் திறந்தார்கள். கட்டணம் கிடையாது. ஆனால் வானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு அன்றே திரும்பிவிட வேண்டும். பையன் விரும்பியதோ நான்கு நாள் தங்கிக் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடிய தீவு.

கையில் இருப்பது ரூ. 15,000. பிரயாணிகள் ஐவர்: நான், என் மனைவி, குழந்தைகள் இருவர், எழுபது கடந்த என் தாயார்.

தேசப்பற்றுள்ள எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அந்தமான். செல்லுலர் சிறைச்சாலையின் அறைகளைக் குழந்தைகள் ஒரு முறையாவது பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. 1943-ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில் நேதாஜி கொடியேற்றிய ஊர் அது. போர்ட் பிளேர் என்று நாம் படித்த அவ்வூருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். ஆனால் விமானச் சீட்டு ஐந்து வாங்கினால் நம் மூலதனம் போகும் வழியிலேயே தீர்ந்துவிடும். சென்னையிலிருந்து கப்பல் உண்டு, கட்டணமும் குறைவு. என்றாலும் போக ஏறக்குறைய மூன்று நாள், வர மூன்று நாள். மாதத்துக்குச் சில கப்பல்களே புறப்படுவதால், பள்ளிக்கூட ரஜாவும் கப்பலும் ஒத்து வருவது ஜாதகப் பொருத்தம் போலத்தான்!

லட்சத்தீவுக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். கொச்சிக்குப் போய்க் கப்பலேற வேண்டும். மாலத்தீவிலோ, 2009-க்குப் பிறகு ஜனங்கள் குடியிருக்கும் தீவுகளிலும் சிறு விடுதிகள் நடத்த இடம் கொடுத்ததிலிருந்து, தங்கும் செலவு முன்போல் ராஜாக்களுக்கு மட்டும் உரியதாக இல்லை. ஆயினும் விமானக் கூலி அப்படியே இருக்கிறது. எங்கள் தெருவில் ஒருவர் அங்கே போய் ஐந்து நாள் இருந்துவிட்டு வந்தார். கடன் தவணை பதினெட்டு மாதம். "கடலை இங்கே கொண்டுவந்து கொடுத்தால்கூட எனக்குத் தவணை வேண்டாம்" என்று என் மனைவி முடிவாகச் சொல்லிவிட்டாள்.

நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023-இல் மறுபடியும் கப்பல் விட்டார்கள். யாழ்ப்பாணத்தை ஒட்டி நயினாதீவும் நெடுந்தீவும் இருக்கின்றன, பேச்சும் தமிழ். எனக்கு மிகவும் சபலந்தான். ஆனால் ஐந்து பாஸ்போர்ட்டுக்குக் கட்டும் பணத்தை என் மனைவி கணக்கிட்டுக் காட்டினாள். அது தவிர, என் தாயார் நீரின்மேல் எதிலும் ஏறுவதில்லை. 2011-ஆம் வருஷம் கிறிஸ்துமஸ் தினத்தன்று பழவேற்காட்டில் உல்லாசப் படகு கவிழ்ந்து இருபதுக்கு மேற்பட்டோர் மாண்ட நாளிலிருந்து அப்படி. அதில் நான் வற்புறுத்துவதில்லை.

இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தபோது ஒரு விஷயம் புலப்பட்டது. தீவில் இருப்பதற்கு அவ்வளவாகச் செலவில்லை. தீவுக்குப் போவதற்குத்தான் செலவு. அப்படியானால் நமக்கு வேண்டியது, கடல்மேல் பாலம் கட்டி ரயில் விட்டிருக்கும் தீவு. அது நம் மாகாணத்திலேயே இருக்கிறது: ராமேசுவரம் இருக்கும் பாம்பன் தீவு.

"அது க்ஷேத்திரம் அல்லவா?" என்றான் பையன். க்ஷேத்திரமாக இருப்பதுதான் சௌகரியம். ஏழை யாத்திரிகர்கள் காலங்காலமாக வந்து போகும் ஊராதலால், சத்திரங்களும் மடங்களும் சிறு விடுதிகளும் ஏராளம். எளிய சாப்பாடும் கிடைக்கும். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாட்களைத் தவிர்த்துவிட்டால் இடம் கிடைப்பதில் கஷ்டமில்லை. சென்னையிலிருந்து படுக்கை வசதியுள்ள இரண்டாம் வகுப்புக்கு ஆளுக்கு ஐந்நூறு ரூபாய்க்குள்தான் ஆகும். ஆனால் 60 நாளுக்கு முன் பதிவு திறந்தவுடனேயே வாங்கிவிட வேண்டும்.

கல்லூரி நாட்களில் நான் ஒரு முறை அங்கே போயிருக்கிறேன். 1914-இல் திறந்த பழைய பாலத்தின்மேல் வண்டி ஊர்ந்தது. ஜன்னலில் குனிந்து பார்த்தால் கீழே பாலம் தெரியவில்லை, கடல்தான் தெரிந்தது. காற்று மிஞ்சினால் வண்டியை நிறுத்திவிடுவார்கள். அதில் 2022 டிசம்பரோடு ரயில் நின்றுபோயிற்று. பக்கத்திலேயே கட்டிய புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. பழைய பாலத்தின் நடுப்பகுதி கப்பலுக்கு வழிவிட இரண்டாகப் பிளந்து நிமிரும்; புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு முழுவதும் நேராக மேலே எழும்புகிறது. இரவு வண்டிகளில் சில, விடியுமுன்பே பாலத்தைத் தாண்டிவிடும். குழந்தைகளோடு போகிறவர்கள் கால அட்டவணையைப் பார்த்து, வெளிச்சத்தில் தாண்டும் வண்டியாகப் பிடிப்பது நலம். மதுரையில் இறங்கிப் பகல் வண்டிக்கு மாறினாலும் சரிதான்.

தீவின் கோடியில் தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22-ஆந் தேதி இரவு வீசிய புயலில், பாம்பனிலிருந்து போன ரயில் வண்டியை ஜனங்களோடு கடல் கொண்டுபோன இடம். இடிந்த மாதா கோயில் இன்னும் நிற்கிறது. 2017 முதல் அரிச்சல்முனை வரையில் சாலை இருக்கிறது. ஜீப்புக்குக் கொடுக்க வேண்டாம், டவுன் பஸ்ஸே போகிறது. அங்கே ஒரு பக்கம் அலையடங்கிய பாக் நீரிணையைப் பெண் கடல் என்றும், மறு பக்கம் சீறும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். முனையில் இறங்கிக் குளிப்பது ஆபத்து. பொழுது சாயுமுன் திரும்பிவிட வேண்டும்.

சிகாகோவில் முழங்கிவிட்டு விவேகானந்தர் 1897 ஜனவரியில் தாய்நாட்டு மண்ணில் கால் வைத்தது இந்தப் பாம்பனில்தான் என்று நான் சொன்ன பிறகு, பெண்ணும் சம்மதித்தாள். தாயாருக்கோ இருபத்திரண்டு தீர்த்தம். சம்மதம் கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

ரயில் சீட்டு வாங்கியாகிவிட்டது; போக வர ஐவருக்கும் ஐயாயிரத்துக்குள் அடங்கியது. இப்போது வீட்டில் நடக்கும் சண்டை ஜன்னலைப் பற்றி. போகும்போது இடப்பக்கம் பெண் கடல், வலப்பக்கம் ஆண் கடல். வரும்போது மாற்றிக்கொள்ளலாம் என்று சமாதானம் செய்திருக்கிறேன். எந்த ஜன்னலானாலும் சரி, பாலம் வரும்போது தன்னை எழுப்பிவிட்டால் போதும் என்கிறாள் பாட்டி.