ஞாயிற்றுக்கிழமை யாருக்கு?

ஞாயிறு காலை ஒலிபரப்பு இருந்தால், ஊரே தூங்கும்போது நான் மட்டும் காரை எடுப்பேன். ஓய்வுநாளின் அருமை எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில வேட்டைச் சட்டம் என்னைக் கவர்ந்தது.

அங்கே ஞாயிறன்று மான் வேட்டைக்கு நெடுங்காலம் தடை. வாரமெல்லாம் வேலைக்குப் போகும் வேட்டைக்காரர்கள் அதை நீக்கச் சொன்னார்கள். அன்றாவது தங்கள் நிலத்தில் துப்பாக்கிச் சத்தம் வேண்டாம் என்றார்கள் விவசாயிகள்.

அங்கே ஒரு மசோதா முதலில் குழுவுக்குப் போகும். பிறகு 203 பேர் கொண்ட கீழவையும் 50 பேர் கொண்ட மேலவையும் அதைத் தனித்தனியே மூன்று நாள் பரிசீலிக்க வேண்டும். இரண்டிலும் பெரும்பான்மை கிடைத்தால் ஆளுநரின் கையெழுத்துக்குப் போகும். அவர் மறுத்தாலும், மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இருந்தால் சட்டமாகிவிடும்.

2019 நவம்பரில் ஆளுநர் டாம் உல்ஃப் கையெழுத்திட்டார். ஆண்டுக்கு மூன்று ஞாயிறு மட்டும் வேட்டை. தனியார் நிலம் என்றால் உரிமையாளர் எழுத்து மூலம் அனுமதி தர வேண்டும். 2025இல் இன்னொரு சட்டம் எஞ்சிய தடையையும் நீக்கியது.

அந்த அனுமதி விதி சும்மா வரவில்லை. மசோதா அவையில் இருந்தபோதே விவசாயிகள் வாய் திறந்தார்கள். நாமோ பெரும்பாலும் சட்டம் வந்த பிறகுதான் வானொலிக்கு அழைத்துப் புலம்புகிறோம். அடுத்த முறை கொஞ்சம் முன்னதாகவே அழைப்போமா?