அஞ்சவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்!

இங்கிலாந்தில் கடை நடத்தும், கல்வி பயிலும் சகோதரர்களே! தனியார் வாகன நிறுத்துமிட நிறுவனத்தின் கட்டணக் கடிதம் வந்தால் சிலர் பதறிப் பணம் கட்டுகிறார்கள். சிலர் 'அரசாங்க அபராதமல்லவே!' என்று குப்பையில் வீசுகிறார்கள். இரண்டுமே தவறு!

அது அபராதமல்ல, ஒப்பந்தத்தை மீறியதாகக் கேட்கப்படும் தொகை. ஆனாலும் செம்ஸ்ஃபோர்டில் 2 மணி நேர வரம்பைத் தாண்டியவரிடம் 85 பவுண்டு கேட்டது செல்லும் என 2015இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

அப்படியானால் வழி என்ன? அறிவிப்புப் பலகையைப் படமெடுங்கள். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தேதிகளைச் சரிபாருங்கள். வண்டியில் சீட்டு ஒட்டாமல் தபாலில் மட்டும் அனுப்பினால், அக்கடிதம் 14 நாட்களுக்குள் வந்து சேர வேண்டும். தவறினால், ஓட்டியவருக்குப் பதிலாகப் பதிவில் உள்ளவரிடம் வசூலிக்க 2012ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தராது. எனவே, ஓட்டியது யாரென எழுதிக் கொடுக்க அவசரப்படாதீர்கள்!

முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் முறையிடுங்கள். மறுத்தால், அது சார்ந்த சங்கத்தைப் பொறுத்து 'பாப்லா' அல்லது 'ஐ.ஏ.எஸ்.' அமைப்பில், கெடுவுக்குள் இலவசமாக மேல்முறையீடு செய்யலாம்.

நீதிமன்றக் கடிதம் வந்த பின்னும் மௌனமா? பதிலளிக்காவிட்டால் விசாரணையின்றியே தீர்ப்பு வரும். ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் அது 6 ஆண்டுகள் பதிவேட்டில் நிற்கும். நாளை கடைக்குக் கடன் கேட்கும்போது குறுக்கே நிற்பதும் அதுவே!

உரிமை சட்டத்தில் இருக்கிறது. அதைக் கெடுவுக்குள் கேட்பது நம் கையில் இருக்கிறது!